பன்னிரண்டு கம்பியூட்டருக்குப் பிடித்த சனி

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில் அந்த மாதம் இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று பாண் விற்கும் பேக்கரிக்கு, மற்றது யந்திரானந்தருக்கு. பாண் வரிசைதான் சின்னது.

யந்திரானந்தர் மனிதருக்குப் பரிகாரம் செய்வதில்லை. அந்தத் தொழிலில் போட்டி அதிகம். அவர் இயந்திரங்களுக்குக் கிரகதோஷம் நீக்குபவர். 'கம்பியூட்டர், றவுட்டர், இன்வேர்ட்டர், வோஷிங் மெஷின்: சகலத்துக்கும் நிவர்த்தி' என்று காலி வீதி மின்கம்பங்களில் நோட்டீஸ் தொங்கியது. காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், இடுப்பில் புத்தம் புதுப் போன்.

வரிசையில் எனக்கு முன்னால் கொச்சிக்கடை கிளெமென்ற் றவுட்டரைக் கைக்குழந்தை மாதிரி அணைத்தபடி நின்றார்.

"நீர் அந்தோனியார் கோயிலுக்குப் போறனீர் எல்லே?" என்றேன்.

"போனனான் அக்கா. றவுட்டருக்கு அங்க தனி வழிபாடு இல்லையாம்."

சிரிக்க எனக்கு உரிமையில்லை. என் கையிலும் ஒரு மடிக்கணினி இருந்தது. அதில் ஒரு எழுத்து அமுங்கவில்லை. அடியில் கிடந்த பிஸ்கட் துகளை நானே ஊதித் தள்ளியிருக்கலாம். ஆனால் 'உன் பிழை இல்லை, உன் கிரகத்தின் பிழை' என்று யாராவது சொல்லக் கேட்பது மனசுக்கு எவ்வளவு இதம்!

யந்திரானந்தருக்கு இந்தப் புகழ் வந்தது எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் பாலேஸ்வரி தொடங்கிய கணினி வகுப்பால். கணவர் இறந்த பிறகு தாயும் மகளும் இருந்ததையெல்லாம் போட்டுப் பன்னிரண்டு பழைய கம்பியூட்டர் வாங்கினார்கள். மகள் யதுஷா இரண்டு கிழமை குந்தியிருந்து அவற்றில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றினாள். அது இலவசம். எல்லாம் ஒழுங்காக ஓடின.

பிறகு பூசை வந்தது. புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எங்கள் ஆட்கள் மின்விசிறிகூடப் போடமாட்டார்கள். யந்திரானந்தர் வந்தார். "முந்தி வைத்திருந்தவரின் பாவம் உள்ளே இருக்கிறது" என்றார். எல்லோரையும் வெளியே அனுப்பி, திரை போட்டு, இரண்டு மணிநேரம் பாவம் கழித்தார். திரை விலகியபோது பன்னிரண்டு பெட்டியிலும் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. "அறுத்தால் குடும்பத்துக்கு ஆகாது."

நல்ல நேரத்தில் முதல் கம்பியூட்டரைப் போட்டார்கள். திரையில் சின்னம் தோன்றியது. அதோடு சரி. உறைந்துவிட்டது. அரை நிமிடம் பொறுத்து நிறுத்திப் போட்டார்கள். மறுபடியும் அப்படியே. பன்னிரண்டும் அப்படியே.

சாமி கண்ணை மூடினார். "இலவசமாக வந்த பொருளில் சனி குந்துவார். ஏற்றிய பெண்ணுக்கும் ஏழரை நடக்கிறது." பிறகு கம்பியூட்டரைப் போடச் சொல்லி, யாரும் தொடக்கூடாது என்று தடுத்து, நூற்றெட்டு நாமம் சொன்னார். சொல்லி முடிக்கவும் திரை திறந்தது. கூட்டம் கும்பிட்டது. நானும்தான்.

அடுத்த நாள் போட்டால் மறுபடி உறைந்தது. சாமி வந்தார், ஓதினார், தட்சணை வாங்கினார், போனார். தினமும் இதுதான். கடைசியில் தீர்ப்பும் வந்தது. யதுஷா இரண்டரை வருடத்துக்கு அந்த வாசலை மிதிக்கக்கூடாது. திங்கட்கிழமை முதல் வகுப்பை அவளுடைய பெரியம்மாவின் மகன் பிரசாந் நடத்துவான். பிரசாந்துக்குக் கம்பியூட்டரில் தெரிந்தது சீட்டாட்டம் மட்டும். ஆனால் சாதகம் சுத்தம்.

ஞாயிறு காலை யதுஷா என் கதவைத் தட்டினாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அன்ரி, சாமி ஓதுறதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறார்?"

"ஒண்டரை நிமிஷம் இருக்கும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். ஏன் பிள்ளை?"

"சனி இவ்வளவு நேரம் தவறாத ஆளெண்டு எனக்குத் தெரியாது," என்றாள். "வாங்கோ."

கீழே வழக்கமான கூட்டம், றவுட்டரோடு கிளெமென்ற்றும். யதுஷா வாசற்படியோடு நின்றுகொண்டாள். அந்த வகுப்பறைச் சுவருக்கு வர்ணம் அடித்தவள் அவள்தான்.

"சாமி, இண்டைக்கு ஒருக்கா ஓதாமல் இருங்கோ. அன்ரி மெஷினைப் போட்டிட்டு சும்மா இருக்கட்டும். என்ன நடக்குதெண்டு பாப்பம்."

"எரிந்துவிடும்!" என்றார் சாமி.

"பன்னிரண்டில ஒண்டுதானே."

"அம்மா பாலேஸ்வரி, உங்கள் மகளைக் கண்டியுங்கள்."

பாலேஸ்வரி வாசலில் நின்ற மகளைப் பார்த்தாள். தன் பயத்துக்குச் சாமி ஒரு பெயர் வைத்துக் கொடுத்தார். அந்தப் பெயர் தன் பிள்ளையின் பெயராக இருந்ததை அப்போதுதான் கண்டாள் போலிருந்தது.

"எரிஞ்சா எரியட்டும்," என்றாள். "போடுங்கோ அக்கா."

போட்டேன். சின்னம் வந்தது. உறைந்தது. என் விரல் தானாகவே நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. "தொடாதேங்கோ அன்ரி!" சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டமா? கும்பிடவாவது கை துடித்தது. அதனால்தான் இத்தனை நாளும் ஒருவரும் பொறுத்துப் பார்க்கவில்லை. சாமி ஓதும்போது மட்டும்தான் நாங்கள் கையைக் கட்டி நின்றோம்.

ஒன்றரை நிமிடம். திரை திறந்தது.

கூட்டத்தில் ஒரு முனகல். சாமி கலங்கவில்லை. "நான் மனதுக்குள் ஓதினேன்."

"அப்பிடியோ? அன்ரி, அடுத்ததைப் போடுங்கோ. சின்னம் வந்த உடன விசைப்பலகையில இடது பக்க மேல் மூலையில இருக்கிற விசையை அமத்துங்கோ."

அமத்தினேன். சின்னம் விலகியது. பின்னால் வரி வரியாக எழுத்து. கடைசி வரியில் செக்கன் எண் ஏறிக்கொண்டிருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. பக்கத்தில் எல்லை: ஒன்றரை நிமிடம்.

"அது ஒரு டிஸ்க்கைத் தேடுது," என்றாள் யதுஷா. "ஒவ்வொரு பெட்டியிலும் ரெண்டு டிஸ்க் இருந்தது. நினைவகத்தில இடம் போதாட்டி ஒதுக்கி வைக்க ரெண்டாவதில கொஞ்ச இடம் குடுத்தனான். இப்ப அதைக் காணேல்லை. ஒண்டரை நிமிஷம் பாத்திட்டு, இல்லையெண்டு விட்டிட்டுத் தன்ர வேலையைப் பாக்குது. அவ்வளவுதான்."

"டிஸ்க் எங்க போனது?" என்றார் கிளெமென்ற்.

பாலேஸ்வரி கத்தரிக்கோலை எடுத்தாள். மஞ்சள் கயிறு அறுந்தது. குடும்பம் அப்படியேதான் இருந்தது. பெட்டியைத் திறந்தால், இரண்டாவது டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு விபூதிப் பொட்டலம்.

"தோஷப் பொருளைக் கடலில் கரைத்துவிட்டேன்," என்றார் சாமி.

யதுஷா தன் போனில் எதையோ தேடி என்னிடம் நீட்டினாள். பழைய சாமான் விற்கும் பக்கத்தில் ஒரு விளம்பரம். இந்தப் பெட்டிகளில் இருந்த அதே இன டிஸ்க், பன்னிரண்டு, கொட்டாஞ்சேனை. கீழே தொலைபேசி எண். அந்த எண்ணுக்கு அழைப்பு எடுத்தேன்.

சாமியின் இடுப்பு பக்திப் பாடல் பாடியது.

"தங்கச்சி... கதைச்சுத் தீர்ப்பம்," என்றார் சாமி. குரலில் இமயமலை போய்க் கொட்டாஞ்சேனை வந்துவிட்டது. அவர் உண்மையில் கம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை பார்த்த வரதராசாவாம். கிளெமென்ற் றவுட்டரைக் கீழே வைத்துவிட்டுக் கதவை மறித்துக்கொண்டார்.

யதுஷா வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். கம்பியூட்டரில் ஒரு கோப்பைத் திறந்து, அந்த டிஸ்க்கைத் தேடச் சொல்லும் வரிக்கு முன்னால் ஒரேயொரு குறி போட்டாள். நிறுத்திப் போட்டாள். இருபது செக்கனில் திரை திறந்தது. பன்னிரண்டுக்கும் அப்படியே செய்தாள்.

"அப்ப பிரசாந்துக்கு நான் என்ன சொல்லுறது?" என்றாள் பாலேஸ்வரி, மகளின் முகத்தைப் பார்க்காமல்.

"வகுப்பில சேரச் சொல்லுங்கோ அம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயிரில்லாத தகரப் பெட்டி அது. இல்லாத ஒன்றை ஒன்றரை நிமிடம் தேடுகிறது. இல்லை என்று தெரிந்ததும் எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போகிறது. மூளையுள்ள நாங்கள் எத்தனை தலைமுறையாகக் கை கட்டிக் காத்திருக்கிறோம்?