செதில் முளைத்த வஞ்சிரம்

மோதிரம் போடுகிற விரலுக்கு மூளை கிடையாது. தலைக்கு உண்டு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். என் விஷயத்தில் அதற்கும் சாட்சி கிடைக்கவில்லை.

நான் பிறந்தது ராயபுரத்தில், கடலை நம்பிப் பிழைக்கிற குடும்பத்தில். ஆனால் கடலுக்கும் எனக்கும் ஆகாது. முதல்முதலாகக் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டு போன அன்று, வலையில் விழுந்ததைவிட என் வாயிலிருந்து விழுந்தது அதிகம் என்று என் சித்தப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அதோடு என்னைக் கரையில் விட்டுவிட்டார்கள். மளிகைப் பொட்டலம் கட்டி வரும் பேப்பரைப் பிரித்துப் பிரித்துப் படித்தே எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டு, திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் வாசலில், வேலைக்கு வருகிறவர்களின் அட்டையில் முத்திரை குத்துகிற வேலைக்குச் சேர்ந்தேன். (முத்திரை குத்துகிற கைக்கு என்ன மிதப்பு என்று கேட்காதீர்கள். குத்திப் பார்த்தால்தான் தெரியும்.)

எனக்கு வாய்த்த மாமனாரோ கடலிலேயே கால் முளைத்தவர். ராயபுரம் குப்பத்தில் அவருக்கு இரண்டு படகு. பெயர் சடையப்பன். அவருடைய ஒரே மகள் கன்னியம்மாவை எனக்குக் கட்டிக் கொடுக்கும்போது, மணவறையில் என் விரலில் ஒரு மோதிரம் போட்டார். அதன் கதையை அப்போதே சபை கேட்கச் சொன்னார்.

"இது வந்து மாப்ள, கன்னிமா அம்மா காதுல கெடந்த கம்மலு. அவ போயிட்ட அப்பால, இன்னொருத்தி காதுல இத்த பாக்க எனக்கு மனசு வர்ல. அதான் உருக்கி வஞ்சரமா பண்ட்டேன். அவ கூடையில எப்பவும் மேல கெடக்கிற மீனு அதான்."

தங்கத்தில் ஒரு வஞ்சிர மீன் உடம்பை வளைத்து, தன் வாலைத் தானே கவ்விக்கொண்டிருக்கும். அதுதான் மோதிரம். சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மட்டும், இதைப் போட்டுக்கொண்டு நாளைக்கு எப்படி வேலைக்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். (இப்படிப்பட்ட பயலுக்குப் பெண் கொடுத்தார்களே.)

பயந்தது வீண்போகவில்லை. எங்கள் ஆபீசில் வரதன் என்று ஒரு குமாஸ்தா. இங்கிலீஷில் 'வி' என்ற எழுத்தைத் தங்கத்தில் செதுக்கி மோதிரமாகப் போட்டிருப்பான். பேனா பிடிக்காத நேரத்திலும் அந்த விரல் மேஜைமேல் தனியாக உட்கார்ந்திருக்கும், மேலதிகாரி மாதிரி. அவன் என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனான்.

"முனுசாமி, உன் மோதிரத்துல கருவாட்டு வாசனை வருதுப்பா."

ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் மோதிரத்தைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன். தங்கத்தில் எங்கே வாசனை வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அந்த ஒரு நிமிஷம் அன்றைக்கு என்னிடம் இல்லை. அடுத்த நாளிலிருந்து மீனை உள்ளங்கைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு வெறும் வளையம்தான் தெரியும். எனக்கும் அதுதான் தெரிந்தது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை. மோதிரத்தை அழித்து 'எம்' என்று இங்கிலீஷ் எழுத்தாகச் செய்துகொண்டால் என்ன என்று தோன்றிவிட்டது. மாற்றலாமா, கூடாதா? கேள்வியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். தொழிற்சாலை எதிரே சாயாக்கடை வைத்திருந்த காதர் என் தோஸ்து. அவன் வடிகட்டியை உதறியபடி கேட்டான்:

"மாமு, உனுக்கு மோதிரம் பேஜாரா, மூஞ்சி பேஜாரா?"

"மோதிரந்தான்டா."

"அப்ப மூஞ்சிய மாத்து. அதுக்குக் கூலி கெடயாது."

இதை நான் ஆலோசனையாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது கன்னியம்மாவிடம் கேட்டேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"வெரலு உன்னுது. தங்கம் எங்கம்மா காதுது. நீயே பாத்துக்க."

பெண்ணைக் கட்டியவன் எவனுக்கும் இதன் அர்த்தம் புரியும். நான் முதல் இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் குழம்போடு குழைத்துச் சாப்பிட்டுவிட்டேன். சம்மதம் கிடைத்துவிட்டது என்று முடிவு.

தேரடிப் பக்கம் ஒரு ஆசாரி. கற்பூரம் மணக்க உட்கார்ந்திருப்பார். மீன் என்ற சொல்லே அவர் வாயில் வராது. "அந்த ஜந்து" என்பார். அந்தக் காலத்தில் தங்கத்தை உருக்கக் கொடுத்தால், கொடுத்தவன் எதிரிலேயே உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். ஆசாரிமேல் எவனுக்கும் நம்பிக்கை கிடையாது, ஆசாரிக்கும் அதில் வருத்தம் கிடையாது. நானும் உட்கார்ந்தேன். ஊதுகுழலில் அவர் ஊத ஊத, முதலில் மீனின் வாய் வாலை விட்டது. பிறகு வால் தொங்கியது. பிறகு மாமியாரின் கம்மல் ஒரு மஞ்சள் துளியாக, உருக்குகிற மண்கிண்ணத்தில் உருண்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். புகையினால் என்று நினைத்துக்கொண்டேன்.

'எம்' போட்ட மோதிரத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன். நுழையும்போதே கை முன்னால் நுழைந்தது. கன்னியம்மா பார்த்தாள்.

"இன்னா இது, ரெண்டு கட்டுமரம் முட்டிக்கினு நிக்குது?"

"இங்கிலீஷ் எழுத்து. என் பேரு."

"உன் பேரு எனக்கு மோதிரம் பாத்துதான் தெரியணுமா?"

அதற்குப்பின் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. சோறு வந்தது, தண்ணீர் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஆபீசில் வரதன் 'எம்'மைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக நான் மாமியாரை உருக்கியிருக்கிறேன்.

அப்புறம்தான் குப்பத்திலிருந்து ஆள் வந்தது. மாமனார் புது வலை இறக்குகிறார். எங்கள் குப்பத்தில் புது வலை கடலைப் பார்க்கும் முன், வீட்டு மாப்பிள்ளை மஞ்சள் தண்ணீரில் கையை நனைத்து, மோதிரம் போட்ட விரலால் வலையின் முதல் கண்ணைத் தொட்டுக் கொடுக்க வேண்டும். வந்த ஆள் சொன்னான்: "மீனு மோதிரத்த மறக்காம போட்டுனு வர சொன்னாரு. ஊருக்கே காட்ட போறாராம்."

ஆள் போனதும் கன்னியம்மா வாயைத் திறந்தாள்.

"நேரா போயி எங்கப்பா கைல சொல்லிடு. திட்டுவாரு, அப்பால வுட்ருவாரு. ஏமாத்துன, அவ்ளோதான்."

இதைவிட நல்ல யோசனை எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. கேட்டேனா? நேராக ஆசாரியிடம் ஓடினேன்.

"ஆசாரியாரே, இதைப் பழையபடி மீனாக்கிக் கொடுங்க."

"போன வாரம்தானே அந்த ஜந்துவை அழிச்சோம்?"

"இப்ப வேணும்."

"எப்படி இருந்ததுன்னு சொல்லுங்க தம்பி. நான் அதையெல்லாம் உத்துப் பார்க்கிறதில்லை."

நானும்தான் உற்றுப் பார்த்ததில்லை. உள்ளங்கைக்குள் திருப்பிப் போட்டு மறைத்த ஆசாமி எதைப் பார்த்திருப்பான். உயிரோடு வஞ்சிரத்தைப் பார்த்ததுண்டா என்றால், கரைக்கு விரட்டப்பட்டவன் நான். எனக்குத் தெரிந்த வஞ்சிரம் வட்டமாக இருக்கும், நடுவில் முள் இருக்கும், குழம்பில் மிதக்கும். விரலை வைத்து யோசித்ததில், பழைய மோதிரம் வழவழவென்று இருந்தது மட்டும் ஞாபகம் வந்தது. என் புத்தி உடனே ஒரு கணக்குப் போட்டது: மீன் என்றால் செதில் இருக்கும். இதில் இல்லை என்றால், தேய்ந்து போயிருக்கிறது. அப்படியானால் புதிதாகச் செய்யும்போது செதிலோடு செய்வதுதானே முறை?

"உடம்பு பூரா செதில் வைங்க ஆசாரியாரே. நல்லா எடுப்பா இருக்கணும்."

"அது எனக்குத் தெரியும் தம்பி. கோயில் குளத்துல பொரி போடறப்போ பார்த்திருக்கேன்" என்று அவர் உற்சாகமாகிவிட்டார்.

செய்து கொடுத்தார். இரண்டு முறை உருகியதில் மோதிரம் இளைத்திருந்தது. ஆனால் என்ன வேலைப்பாடு. தொப்பை வைத்த மீன், ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக மின்னியது. பழசைவிட இது மேல் என்று எனக்குப் பூரிப்பு. கன்னியம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "போட்டுனு வா" என்றாள். (அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன். அடக்கினது அழுகை இல்லை.)

காலையில் குப்பமே கரையில் கூடியிருந்தது. மணலில் புது நூல்வலை குவியலாகக் கிடந்தது. மேலே மாலை, பக்கத்தில் சூடம், தேங்காய், குடத்தில் மஞ்சள் தண்ணீர். மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்துக் குடத்தில் நனைத்து, ஊர் பார்க்க உயரத் தூக்கினார்.

"பாருங்க, என் வூட்டுக்காரி கம்மலு—"

அங்கே நிறுத்தினார். கையை இறக்கி, கண்ணருகே கொண்டுபோனார்.

"மாப்ள. இது இன்னா?"

"மீனு, மாமா."

"இன்னா மீனு?"

"வஞ்சரம்."

"வஞ்சரத்துக்கு எப்பலேந்து செதிலு மொளச்சிது?"

கூடை வைத்திருந்த பட்டு என்கிற மீன்காரி முன்னால் வந்து என் விரலைப் புரட்டிப் பார்த்தாள். அந்தக் குப்பத்தில் அவளுக்குத் தெரியாத மீன் கிடையாது.

"நைனா, இது கோயிலு கொளத்து கெண்ட. பொரி போட்டா கும்பலா வரும்."

கடல்காரனிடம் குளத்து மீனைக் காட்டுவது, பயில்வானிடம் போய்த் தொட்டிலை ஆட்டச் சொல்வதற்குச் சமம். சிரிப்பு கரை நெடுக ஓடியது. "வலையில பொரி கட்டி எறக்கு சடையப்பா" என்றான் ஒருவன். "மாப்ளைக்கு ரெண்டு தொப்பை, ஒண்ணு வெரல்ல கீது" என்றான் இன்னொருவன். என் சித்தப்பாவும் வந்திருந்தார். கட்டுமரக் கதையை அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. நடந்ததை நான் ஒன்றுவிடாமல் உளறிக் கொட்டினேன். வரதன், கருவாடு, 'எம்', செதில், எல்லாம். கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் வலைமேல் உட்கார்ந்து மோதிரத்தைக் கழற்றச் சொல்லி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மீனு ஏலத்துல அவ கத்தசொல்ல, இந்த கம்மலு ரெண்டும் ஆடிக்கினே இருக்கும்" என்றார். அவ்வளவுதான். அதற்கு அவர் கத்தியே இருக்கலாம்.

அதன்பின் மோதிரத்தை என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேச ஆரம்பித்தது. மறுபடி உருக்கி வஞ்சிரமே செய் என்றது ஒரு கூட்டம். இன்னும் ஒரு தடவை உருக்கினால் நெத்திலிதான் செய்யலாம் என்றாள் பட்டு. மாமனார் மோதிரத்தைக் கன்னியம்மாவிடம் நீட்டினார்.

"உங்கம்மாளுது. நீ சொல்லு."

இந்தக் கேள்வியை முதலிலேயே அவளிடம் இப்படிக் கேட்டிருக்க வேண்டியவன் நான். நான் கேட்டது சம்மதத்தை, அவளுடைய விருப்பத்தை அல்ல. அவள் மோதிரத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இவுரு வெரலுக்கு இது வாணாம் நைனா. இத மறைச்சி வெக்கத்தான் இவுருக்குத் தெரியும். காதுலேந்து வந்துச்சி, காதுக்கே போவட்டும்."

ஊர் தலையாட்டியது. ஆனால் வலை காத்திருந்தது, மாப்பிள்ளை விரல் மொட்டையாக இருந்தது. மாமனார் எழுந்து மணலைத் தட்டிவிட்டார்.

"யார்னா போயி பொரி வாங்கியாங்க" என்றார், சிரிக்காமல்.

வாங்கி வந்தார்கள். அத்தனை பேர் பார்க்க, புது வலையின் முதல் கண்ணில் நான் ஒரு பிடி பொரியைத் தூவினேன். பெண்கள் குலவையிட்டார்கள். அதுவரை மரியாதைக்குக் குலவையிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். கேலிக்கும் இடலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஒரு வருஷத்தில் மறந்திருப்பார்கள். என் கெட்ட நேரம், அந்த வலையில் முதல் மீன்பாடே கொழுத்த பாடாக விழுந்தது. உள்ளே வஞ்சிரங்கள். செதில் இல்லாமல், வழவழவென்று. மாமனார் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிவந்து என் வீட்டு வாசலில் போட்டு, "நல்லா பாத்துக்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொரியின் ராசி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பிறகு எந்த வீட்டில் புது வலை இறக்கினாலும் எனக்கு ஆள் வரும், பொரிப் பொட்டலத்தோடு நான் போய் நிற்க வேண்டும். நூல்வலை போய் நைலான் வலை வந்தது. பொரி போகவில்லை. இப்போது படகுக்காரப் பையன்கள் இதை ஏதோ முன்னோர் வகுத்த சாங்கியம் என்று நினைத்துச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு கை கட்டி நிற்கிறார்கள். காரணம் கேட்டால் நான் கடலைப் பார்த்தபடி, "அது அப்டித்தாம்பா" என்பேன்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கேட்கும். திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். இரண்டு காதிலும், உருகி உருகிப் பொட்டளவாக இளைத்த இரண்டு கம்மல் ஆடிக்கொண்டிருக்கும்.