மாமனாரின் பச்சைச் சைக்கிள்

நெல்ஸ் ஹால்வர்சன் இரவல் வாங்க அஞ்சுகிறவன். வாங்க நேர்ந்துவிட்டாலோ, வாங்கிய பொருளை முன்னிருந்ததைவிட ஒருபடி மேலாக்கித் திருப்பிக் கொடுப்பது அவன் வழக்கம். ஏணியை வாங்கினால், ஆட்டம் கண்ட படிக்கு ஆணியடித்துக் கொடுப்பான். கேக் வந்த தட்டை வெறுந்தட்டாக அனுப்பியதில்லை. மினசோட்டா மாநிலத்தில் இது ஒரு பெருங்குணமன்று, எல்லோருமே அப்படித்தான். பனி அள்ளும் இயந்திரத்தை வாங்கிப்போய்ப் பெட்ரோல் நிரப்பாமல் திருப்பிக் கொடுப்பவனை ஊரார் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வாழ்நாள் முழுதும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதுவே தண்டனை.

அத்தகைய நெல்ஸ், இப்போது தன் கராஜில், மாமனாருடைய சைக்கிளின் பின்சக்கரத்தைக் கையில் பிடித்தவாறு வியர்த்து நின்றான்.

மாமனார் ஆர்விட் சொற்சிக்கனம் மிக்கவர். தம் மகள் மாரித்தை நெல்ஸ் மணந்த நாள்முதல் அவர் அவனிடம் பேசியதெல்லாம் வானிலையைப் பற்றித்தான். அவன் செய்த எதையும் நன்று என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிப்பட்டவர் வசந்தத்தின் தொடக்கத்தில், தம் கொட்டகையின் இருண்ட மூலையில் தார்ப்பாயை விலக்கி, பழைய பச்சைச் சைக்கிளொன்றை வெளியே எடுத்தார். தொலைதூரப் பயணத்துக்கென்றே எஃகுக் குழாய்களால் செய்யப்பெற்ற வண்டி. குழாயில் பொன்னெழுத்தில் கம்பெனியின் பெயர் மங்கியிருந்தது.

"உனக்கு சைக்கிள்னா பிடிக்கும்னு மாரித் சொன்னா. எடுத்துட்டுப் போ."

"ஐயோ, வேண்டாங்க."

"பரவால்ல, எடுத்துக்கோ."

"உங்களுக்கு வேணுமே."

"எடுத்துட்டுப் போப்பா. திருப்பித் தர அவசரமே இல்ல."

இருமுறை மறுத்து மூன்றாம் முறை இசைவதே அவ்வூர் மரபு. நெல்ஸ் மரபுப்படி இசைந்தான். வீடு திரும்பியதும் முதல் வேலையாக மனைவியிடம் சொன்னான்.

"அவர் என்னை நம்பறார், மாரித்."

"சைக்கிள்தானே கொடுத்தார், கிட்னியையா கொடுத்தார்?" என்றாள் மாரித்.

கோடை முழுதும் ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டினான். திருப்பிக் கொடுக்கும்முன் ஏதேனும் செய்தாக வேண்டுமே என்று, துருவேறிய செயினைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டினான். அங்கேதான் தொடங்கிற்று.

புதிய செயின் பழைய பற்சக்கரத்தில் நிற்கவில்லை, மிதிக்கும்போதெல்லாம் வழுக்கிற்று. நெல்ஸ் தன் நண்பனும் சைக்கிள் கடைக்காரனுமாகிய டுவேனுக்குத் தொலைபேசினான்.

"பல்லெல்லாம் தேஞ்சிருக்கும். பற்சக்கரத்தையும் மாத்திடு. சின்ன வேலை," என்றான் டுவேன்.

பற்சக்கரம் கழலவில்லை. கழற்றும் கருவி கவ்வுகிற பள்ளங்கள்தாம் பொடிப்பொடியாக உடைந்தன.

"அப்போ சக்கரத்தையே மாத்திடு. சின்ன வேலை."

இக்காலத்துச் சக்கரம் அக்காலத்து வண்டியில் நுழையுமா? அச்சு அகலமாயிருந்தது. நெல்ஸ் பின்பக்கக் குழாய்களைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் இழுத்து வளைத்தான். எஃகு முனகியது, அவனும் முனகினான். சக்கரம் உள்ளே சென்றது. ஆனால், அது பழையதைவிடச் சற்றே சிறியது. பிரேக் கட்டைகள் விளிம்பை விட்டுவிட்டு டயரைக் கடித்தன.

"நீளக் கை வச்ச பிரேக் போடணும்," என்றான் டுவேன்.

"சின்ன வேலைன்னு சொல்லாதே."

"சொல்லல. ஆனா முன்சக்கரமும் அதே அளவுல இருக்கணும். புது பிரேக்குக்குப் பழைய பிடி ஒத்துவராது. பிடியை மாத்தினா கேபிளையும் மாத்தணும்."

"வேற என்ன?"

"மிதிக்கட்டை அச்சைப் பாத்தியா? மழையில ஓட்டின வண்டின்னா உள்ள துருவா இருக்கும்."

அவன் அதைச் சொல்லாதிருந்திருக்கலாம். நெல்ஸ் அந்த அச்சின் வலப்பக்க மூடியைக் கழற்ற ஸ்பேனரை மாட்டினான். அசையவில்லை. ஸ்பேனரின் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றான். மீண்டும் அசையவில்லை. ஒருமுறை குதித்தான். அந்தப் பக்கத்து மரை மட்டும் எதிர்த்திசையில் திரும்பும் என்பதும், கழற்றுவதாக எண்ணித் தான் அதனை மேன்மேலும் இறுக்கிக்கொண்டிருந்ததும் அவனுக்குப் பின்னரே தெரியவந்தன. அதற்குள் ஸ்பேனர் வழுக்கி, பச்சை வண்ணத்தையும் பொன்னெழுத்தையும் ஒரே கீறலில் உரித்துச் சென்றிருந்தது.

நெல்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பெயின்ட் அடிச்சிடலாம். மொத்தமாச் சுரண்டிட்டு அடிச்சா புதுசு மாதிரி இருக்கும்," என்று தேற்றினான் டுவேன்.

"அதே பச்சை கிடைக்குமா?"

"கிடைக்கும். சொல்லி வாங்கணும், கொஞ்சம் நாளாகும்."

நாளிருக்கிறதே என்று நெல்ஸ் எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் ஆர்விட் தொலைபேசினார். இதற்குமுன் அவர் தாமாக அழைத்ததே இல்லை.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சாப்பிட வாங்க. சைக்கிளைக் கொண்டுவர வேண்டாம்."

"கொண்டுவரேங்க."

"வேண்டாம், வேண்டாம். சிரமப்படாதே."

"சிரமமே இல்லீங்க."

"வேண்டவே வேண்டாம்ப்பா. உங்கிட்டயே இருக்கட்டும்."

நெல்ஸ் தொலைபேசியை வைத்தபோது முகத்தில் இரத்தமில்லை.

"மூணு தடவை வேண்டாம்னுட்டார், மாரித். அப்படின்னா வேணும்னுதான் அர்த்தம். அவருக்கு வண்டி உடனே வேணும்."

"வேண்டாம்னா வேண்டாம்னு அர்த்தமாவும் இருக்கலாமில்ல?"

"நம்ம ஊர்லயா?"

மாரித் யோசித்தாள். "கொண்டு போயிடு," என்றாள்.

டுவேனின் கடையில் உடனே கிடைத்தது கருஞ்சிவப்பு ஒன்றுதான்.

ஞாயிறன்று நண்பகல் நெல்ஸ் மாமனார் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பின்புறத்திலிருந்து சைக்கிளை இறக்கினான். தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல் அது வெயிலில் மின்னிற்று. கொண்டுபோன வண்டியில் மிஞ்சியது எலும்புக்கூடு மட்டுமே, அதுவும் வளைக்கப்பட்டது. வழியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பில் முதற்சொல்கூட இப்போது நினைவுக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு ஹார்லன், இரு வீட்டுக்கும் பொதுவான புல்வெளியில் மேப்பிள் சருகுகளை வாரிக்கொண்டிருந்தார்.

ஆர்விட் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். அவர் ஓடி நெல்ஸ் பார்த்ததில்லை. முகம் வெளுத்திருந்தது.

"கொண்டுவர வேண்டாம்னு சொன்னேனே," என்றார் தணிந்த குரலில். பிறகு வண்டியைப் பார்த்து நின்றார். "இது எது?"

"உங்க வண்டிதாங்க."

"என்னோடது பச்சை."

"பெயின்ட் மாத்தவேண்டியதாப் போச்சுங்க. தப்புதான்."

"அந்தப் பேர் எழுதியிருந்ததே?"

"அழிஞ்சுபோச்சுங்க."

"சக்கரம்?"

"ரெண்டும் வேற. பிரேக்கும் வேற. சீட்டுகூட மாத்திட்டேன், பழசுல நூல் பிரிஞ்சிருந்தது." நெல்ஸ் சீட்டைக் கைக்குட்டையால் துடைத்தான். "எவ்வளவு ஆசையா வச்சிருந்தீங்களோ. யார் பாத்தாலும் இனிமே அடையாளம் தெரியாதுங்க."

"அடையாளம் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாதுங்க."

ஆர்விட் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார், குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் வெளுப்பு நீங்கி, நெல்ஸ் அதுவரை கண்டிராத ஏதோ ஒன்று மெல்லப் பரவியது. சிரிப்பு என்று அதனை உணர அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ரொம்ப நல்ல வேலை," என்றார் ஆர்விட். பின்பு தம் கையை எடுத்து நெல்ஸின் தோள்மேல் வைத்தார். "ரொம்ப ரொம்ப நல்ல வேலைப்பா."

நெல்ஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. காரிலிருந்து இறங்கிய மாரித், கையிலிருந்த உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போது ஹார்லன் வாரியை ஊன்றியவாறு அருகில் வந்தார்.

"அடடே, அழகா இருக்கே. புதுசா?"

"மருமகனோடது," என்றார் ஆர்விட், சற்று விரைவாக. "பழசுதான். அவனே சரிபண்ணினான்."

"நீயே பண்ணினியா தம்பி? கெட்டிக்காரன்தான்." ஹார்லன் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்தார். "இந்தப் பையன் கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கிட்ட வாங்கிட்டுப் போனியே ஆர்விட், என் பச்சைச் சைக்கிள், அதையும் இவன்கிட்ட கொடுத்து இப்படிப் பண்ணச் சொல்லேன்."

நெல்ஸின் தோள்மேலிருந்த கை மெல்லக் கனத்தது.

நெல்ஸ் அந்தக் கையின் கீழிருந்து விலகி, வண்டியைச் சருகுகளின்மேல் நாலடி உருட்டிச்சென்று, ஹார்லனிடம் கொடுத்தான்.

"பண்ணியாச்சுங்க," என்றான். "எடுத்துக்கங்க."