ஆளுயர மெழுகுவர்த்தி

மெழுகுவர்த்தி கதவுக்குள் நுழைய மறுத்தது. நேராகப் பிடித்தால் மேலே இடித்தது. படுக்கவைத்துப் பிடித்தால் பின்னால் வந்த ஜெர்மன்காரரின் வயிற்றில் இடித்தது. சாய்த்துப் பிடித்தால் மெழுகுவர்த்தி நுழைந்தது, பொலிதோரோஸால் நுழைய முடியவில்லை.

"இந்தக் கப்பலைக் கட்டினவன் குள்ளனா இருந்திருப்பான்" என்றார்.

"நீ பனைமரமாட்டம் வளந்ததுக்கு அவன் என்ன பண்ணுவான்" என்றாள் அவர் மனைவி எவந்தியா.

இத்தனைக்கும் காரணம் அவளுடைய வேண்டுதல்தான். சென்ற வசந்தத்தில் பொலிதோரோஸின் பித்தப்பையில் இருந்து கல் எடுத்தபோது, அவர் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டிருந்தாள். அதுவும் ஊர்க் கோயிலில் இல்லை. அவள் அப்பா ஒரு காலத்தில் கரி அள்ளிப் போட்ட 'அம்ஃபித்ரிதி' போர்க்கப்பலின் சிற்றாலயத்தில், புனித நிக்கோலாஸ் முன்னால். அந்தக் கப்பல் இப்போது ஃபாலிரோ துறையில் காட்சிப்பொருளாக நிற்கிறது. லிவாதியா ஓய்வூதியர் சங்கம் ஒருநாள் சுற்றுலா அறிவித்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவள் அவள்தான்.

"கடற்படை இடம். எவனாவது அட்மிரல் வந்து கைகொடுத்தா?" என்று ஜூலை மாத வெயிலில் அவருக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தாள். சங்கத்தின் மற்ற கிழவர்கள் அரைக்கால் சட்டையில் வந்திருந்தார்கள்.

அவர்கள் பேருந்தில் வழியெல்லாம் ஃபோனில் பேரப்பிள்ளைகளின் படம் காட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு கிழவனுக்கும் ஊரில் அவன் பெயரோடு ஒரு பொடியன் ஓடிக்கொண்டிருந்தான். ஃபோன் பொலிதோரோஸிடம் வரும்போது அவர் வழக்கமான நகைச்சுவையைச் சொல்வார். "எங்களுக்குப் பிள்ளையில்லாதது நல்லதாப் போச்சு. இந்தப் பேரோட பள்ளிக்கூடத்துல நான் பட்டது போதும், இன்னொருத்தனும் படணுமா?" எல்லாரும் சிரிப்பார்கள். எவந்தியா சன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

கப்பலில் ஏறும்போதே எல்லாம் ஒரு தினுசாக இருந்தது. மேலே, எள்ளு ரொட்டி வளையத்தை மென்றுகொண்டே டிக்கெட் கிழித்த பெண்ணின் அருகில், வியர்த்து வழிய ஒரு இளைஞன் நின்றிருந்தான். அவனும் கோட்டு போட்டிருந்தான்.

"ஐயா, உங்க பேரு?"

"பொலிதோரோஸ்."

"இங்க யாரையாவது தெரியுமா உங்களுக்கு?"

"நான் லிவாதியாக்காரன். எனக்கு யாரைத் தெரியும்?"

இளைஞன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். பொலிதோரோஸுக்கு இது புதிதில்லை. அவர் பெயரைக் கேட்டு மனிதர்கள் என்னென்னவோ செய்திருக்கிறார்கள்.

இப்போது கதவடியில் எவந்தியா பொறுமை இழந்தாள். "நாங்க பக்கத்துக் கப்பலைப் பாக்கப் போறோம். நீ இதை ஏத்திட்டு வந்து சேரு. பஸ் ஹாரன் அடிக்குறதுக்குள்ள வரணும். ஏத்தாம வந்தே, அடுத்த கல்லுக்கு நான் எந்தச் சாமிகிட்டயும் போய் நிக்க மாட்டேன்."

பொலிதோரோஸ் முப்பது வருடம் நகராட்சிக்காகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். முன்பின் தெரியாத வீட்டுக்குள் போய்க் கண்ணை மூடிக்கொண்டு குழாயைக் கண்டுபிடிப்பார். அந்தத் தைரியத்தில் நடந்தார். எந்தப் பக்கம் போனாலும் இயந்திர அறைதான் வந்தது. ஏணியில் ஏறினால் பீரங்கி, இறங்கினால் மறுபடி இயந்திர அறை. கடைசியில் சமையலறையில் வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் கரண்டியோடு நின்றிருந்தார்.

"அண்ணே, கோயிலு எந்தப் பக்கம்?"

பதில் இல்லை. சத்தமாகக் கேட்டார். தோளைத் தொட்டுக் கேட்டார். அப்போதுதான் அவரும் மெழுகு என்று தெரிந்தது.

"இங்கயா இருக்கீங்க. கப்பல் பூரா தேடிட்டேன்." வாசலில் அந்தக் கோட்டு இளைஞன். மெழுகுவர்த்தியின் முன்முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பின்முனையைப் பிடித்துக்கொண்டு பொலிதோரோஸ் ஓடினார். என்ன இருந்தாலும் கடற்படை கடற்படைதான் என்று நினைத்துக்கொண்டார்.

வந்து சேர்ந்தது கோயிலுக்கு இல்லை. பின்தளத்தில் துணிப்பந்தல் போட்டிருந்தது. நாற்காலிகள், பட்டுச் சட்டைகள், நடுவில் ஞானஸ்நானத் தொட்டி, வீரிடும் ஒரு ஆண்குழந்தை. யாரோ ஒரு அத்தை ஓடிவந்து அவருடைய மெழுகுவர்த்தியில் நீல ரிப்பன் கட்டினாள்.

"அடேயப்பா, எவ்வளவு பெரிய வர்த்தி. ஞானத்தந்தைக்கு மனசு பெருசுதான்."

பொலிதோரோஸ் குனிந்து தன்னைப் பார்த்தார். கோட்டு, டை, வெள்ளை மெழுகுவர்த்தி. கிரேக்கத்தில் ஒரு ஞானஸ்நானத்தில் இந்த மூன்றோடு நிற்பவன் ஞானத்தந்தை அல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? வரவேண்டிய குடும்ப நண்பன் எங்கோ மாட்டிக்கொண்டான், இவர்கள் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்கள்.

"தம்பி, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான் வந்து..."

"ஆமாய்யா, பயங்கர வெயில்" என்றுவிட்டு அந்த இளைஞன் குழந்தையின் தாய் பக்கம் போனான். அவன்தான் தகப்பன். சொந்த நண்பனின் முகம்கூட நினைவில்லாத அளவுக்குப் பையன் குழம்பிப் போயிருக்கிறான் என்று பொலிதோரோஸ் இரக்கப்பட்டார்.

சரி, வீட்டுப் பெரியவரிடம் சொல்லிவிடலாம் என்று முன்வரிசையில் இருந்த குட்டையான கிழவரிடம் குனிந்தார். "ஐயா, எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது."

"அதுதான் நல்லது" என்றார் கிழவர். அவர் தகப்பனின் அப்பா, பழைய மீனவர். "நான் ஸ்தமாதிஸ். மூத்த பேரனுக்கு அப்பனைப் பெத்தவன் பேருதான். ஞானத்தந்தை வாயில வர்றதுதான் பேரு. சாமி கேக்கும்போது 'ஸ்தமாதிஸ்'னு கணீர்னு சொல்லணும். வேற பேரு வந்துச்சுன்னா இந்தக் கடல் எவ்வளவு ஆழம்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியவரும்."

தப்பித்தால் போதும் என்று பொலிதோரோஸ் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை எதிர்ப்பக்கத்தில் இருந்த மீசைக்காரர் பார்த்துவிட்டார். தாயின் அப்பா, தெற்கே மானிப் பக்கம் ஆலிவ் தோப்பு வைத்திருப்பவர். அவர் எழுந்து வந்து பொலிதோரோஸின் கையைக் குலுக்கினார். விடவில்லை.

"அந்தாளு என்ன ஓதினான்? நான் கிரிகோரிஸ். எனக்கு அஞ்சும் பொண்ணு. என் பேரைச் சொல்ல ஒருத்தனும் இல்ல. இந்தப் பயலுக்கு என் பேருதான்னு கல்யாணத்தன்னிக்கே பேச்சு. ஒரு வருஷமா அந்த வீட்டுல சோறு தின்னல நான். நீங்க நல்ல மனுஷனாட்டம் இருக்கீங்க."

அவர் பேச்சில் மிரட்டல் இல்லை. கண் கலங்கியிருந்தது. அதுதான் இன்னும் மோசம். பொலிதோரோஸ் அவருக்கும் தலையாட்டினார்.

ஆக, ஒரு குழந்தை, இரண்டு வாக்குறுதி. இனி ஓடுவதுதான் வழி. ஓடியும் இருப்பார். ஆனால் பாதிரியார் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்துவிட்டார். வேண்டுதல் வர்த்தி எரியும்போது போட்டுவிட்டுப் போனால் எவந்தியாவுக்கு என்ன பதில் சொல்வது?

"சாமி, ஒரு நிமிஷம்..."

"எனக்கு அடுத்து பிரேயஸ்ல கல்யாணம் இருக்கு. மேற்கே திரும்புங்க. சாத்தானைக் கைவிட்டீங்களா?"

"விட்டேன்."

"அப்ப அவன்மேல துப்புங்க."

துப்பினார். மேற்கே கிரிகோரிஸ் உட்கார்ந்திருந்தார். அவர் மீசையைத் துடைத்துக்கொள்ள, ஸ்தமாதிஸ் திருப்தியாகக் காலை நீட்டினார்.

விசுவாச அறிக்கையைப் பாதி வரை சரியாகச் சொன்னார், மீதியை இருமலில் சமாளித்தார். பிறகு எண்ணெய் தடவிய குழந்தையை அவர் கையில் கொடுத்தார்கள். வழுக்கும் மீனைப் போலத் துள்ளியது. எங்கே விழுந்துவிடுமோ என்று மார்போடு அணைத்துக்கொண்டார். அது அவருடைய டையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து முதல் முறையாக அழுகையை நிறுத்தியது. பொலிதோரோஸும் ஒரு கணம் பயத்தை நிறுத்தினார்.

"குழந்தைக்கு என்ன பேரு?" என்றார் பாதிரியார்.

இடப்பக்கம் ஸ்தமாதிஸ் எழுந்து நின்றார். வலப்பக்கம் கிரிகோரிஸ் எழுந்து நின்றார். தகப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பொலிதோரோஸின் தலைக்குள் ஒன்றுமே இல்லை. முப்பது வருடம் கதவுக்குக் கதவு நின்று, உள்ளிருந்து யார் அதட்டினாலும் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒன்றே ஒன்றுதான் நாக்கில் தானாக வந்தது.

"பொலிதோரோஸ்" என்றார். 'தண்ணி மீட்டர்' என்பதைக் கடைசி நொடியில் விழுங்கினார்.

"இறைவனின் ஊழியன் பொலிதோரோஸ் ஞானஸ்நானம் பெறுகிறான்" என்று பாதிரியார் குழந்தையைத் தண்ணீரில் முக்கினார். அவருக்குப் பிரேயஸ் கல்யாண அவசரம்.



"என்ன பேரு சொன்னான்?" என்றார் ஸ்தமாதிஸ்.

"உங்க பேரு இல்ல" என்றார் கிரிகோரிஸ்.

"உங்க பேரும் இல்லியே."

"யாரு வீட்டுப் பேருய்யா அது?"

"எங்க வீட்டுல அப்படி ஒருத்தன் கிடையாது."

"எங்க வீட்டுலயும் கிடையாது." கிரிகோரிஸ் மெதுவாகத் திரும்பினார். "இந்தக் கிறுக்கனை யாரு சம்பந்தி கூட்டிட்டு வந்தது?"

"எனக்கென்ன தெரியும் சம்பந்தி. இப்படி உக்காருங்க, படபடன்னு வருது எனக்கு."

அவர்கள் ஒருவரையொருவர் சம்பந்தி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். பொலிதோரோஸ் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. குழந்தையைத் தாயிடம் நீட்டினார். அவள் முறைப்படி அவர் கையில் முத்தமிட்டாள், ஆனால் கையை விடவேயில்லை. தகப்பன் கடல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறான்.

துறையில் பஸ் ஹாரன் கேட்டது. எரியும் வர்த்தியை ரிப்பன் கட்டிய அத்தையின் பொறுப்பில் விட்டுவிட்டுப் பொலிதோரோஸ் ஓடினார்.

கப்பல் வாசலில் எவந்தியா இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்."

"பின்ன ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? கோட்டெல்லாம் என்ன எண்ணெய்?"

மூச்சிரைக்கச் சொன்னார். டிக்கெட் பெண் மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன் பேரா?" என்றாள் எவந்தியா.

"வாய் தவறி வந்துடுச்சு."

அவள் கைக்குட்டையை எடுத்து அவர் கோட்டின் எண்ணெயைத் துடைத்தாள். பாதியில் நிறுத்தி, கைக்குட்டையைப் பார்த்தாள். அதை நான்காக மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"அஞ்சு பொண்ணு பெத்த மனுஷன் கண்ணு கலங்கிக் கேட்டார், எவந்தியா. ஒரு குடும்பத்தையே கெடுத்துட்டேன். பஸ் போனாப் போகட்டும். அந்தப் பையன் கால்ல விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடுறேன்." அவர் திரும்பினார்.

"மன்னிப்பா? அதை அவன்தான் உங்ககிட்ட கேக்கணும்" என்றாள் டிக்கெட் பெண். "ரெண்டு தாத்தா பேரும் வேண்டாம், வேற பேருள்ள ஒருத்தர் ஞானத்தந்தையா வேணும்னு காலையிலேர்ந்து இங்க நின்னு ஏறுற பெரியவங்களை எல்லாம் பேரு கேட்டுக்கிட்டிருந்தான், முதல்ல வந்தவர் பேரும் ஸ்தமாதிஸ், அடுத்தவர் பேரும் கிரிகோரிஸ், உங்க பேரைக் கேட்டதும்தான் சிலுவை போட்டுக்கிட்டான்."