கோழி கேம்

"சிடி போட இதுல ஓட்டையே இல்லியே!" என்று மகளின் லேப்டாப்பை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மணிமாறன்.

"இப்பெல்லாம் அது வரதில்லீங்கப்பா," என்றாள் சண்முகப்பிரியா. "நாளைக்கு இதுலதான் எனக்கு இன்டர்வியூ. எதையாச்சும் நோண்டி வெச்சுராதீங்க."

"நோண்டறதா? நான் கை வெச்சு ஓடாத மெசினு உண்டான்னு உங்கம்மாளக் கேளு."

அந்த அம்மாள் ரஞ்சிதா, உள்ளறையில் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். மொபெட்டிலிருந்து விழுந்து மூன்று வாரமாகிறது. டிவி சலித்து, செல்போன் சலித்து, "பொழுதே போகமாட்டீங்குதுங்க" என்று அவள் முனகியபோதுதான் மணிமாறனுக்குக் கோழி கேம் ஞாபகம் வந்தது.

வெண்ணந்தூரில் ஜெராக்ஸ் கடை வைப்பதற்கு முன்னால் அவர் ராசிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். ரஞ்சிதா மாணவி. பாடம் முடிந்ததும் தினமும் அந்த கேமில் உட்கார்ந்துவிடுவாள். மேலே கோழிகள் முட்டையிடும். கீழே கூடையை நகர்த்தி நகர்த்திப் பிடிக்க வேண்டும். ஐந்தே நிமிடத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். "சார், மறுபடியும் போயிருச்சுங்க சார்!"

மணிமாறன் பெட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கும் 'ராம்' என்ற மெமரி அட்டையை உருவி, ரப்பரால் துடைத்து மாட்டுவார். உடனே உயிர் வந்துவிடும். துடைத்துத் துடைத்தே அது ஒரு வருடத்தில் கல்யாணத்தில் போய் நின்றது.

சேலத்துப் பழைய சாமான் கடை ஒன்றில் அரைநாள் தூசி தின்று அந்த சிடியைக் கண்டுபிடித்திருந்தார். லேப்டாப்பில் ஓட்டை இல்லையென்றால் விட்டுவிடுவாரா? வெளியே செருகும் டிரைவ் ஒன்றை வாங்கி வந்தார். சிடி கரகரவென்று சுற்றியது. 'இந்தக் கணினியில் இது இயங்காது' என்று திரையில் வந்தது.

பழைய கேம்களை விற்கும் இணையதளம் ஒன்றில் தேடி, அதே கேமை மறுபடி வாங்கினார். இது திறந்தது. ஆனால் புது மெசினின் வேகத்துக்கு முட்டைகள் டிப்பர் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோலக் கொட்டின. அவர் கண் சிமிட்டுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

பழைய கம்ப்யூட்டர் மாதிரி வேஷம் போடும் சாஃப்ட்வேர் ஒன்று உண்டு என்று எங்கோ படித்து, அதையும் ஏற்றி வேகத்தைக் குறைத்தார். ஒரு முட்டை கிளம்பியது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். முட்டை அந்தரத்தில் அப்படியே நின்றது. 'செத்துருச்சு' என்று முடிவுகட்டி லேப்டாப்பை மூடி வைத்தார்.

அது சாகவில்லை. மறுநாள் காலை இன்டர்வியூவில் "உங்க பலம் என்னன்னு சொல்லுங்க" என்று அவர்கள் கேட்ட நேரத்தில், அந்த முட்டை தரைக்கு வந்து சேர்ந்து பட்டென்று உடைந்தது. ஏழு கோழிகளும் சேர்ந்து கொக்கரித்தன.

"வீட்டுக்குப் பக்கத்துல கோழிப்பண்ணையாம்மா?" என்றது சென்னைக் குரல். "நாமக்கல் பக்கம்தானே நீங்க!"

சண்முகப்பிரியா வெளியே வந்தாள். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"கூப்பிட்டுச் சொல்றோம்னு சொல்லிட்டாங்க. சந்தோசமாங்கப்பா?"

மணிமாறன் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புத்தான் சாமி. உங்கம்மா ரெண்டு நாளாச் சரியாப் பேசறதே இல்ல. ஒருக்கா அது சிரிச்சுப் பாத்துறலாம்னுதான்..."

மகள் உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "மத்தியானம் வரைக்கும் வெச்சுக்குங்க."

வேகத்தைக் கூட்டிக் குறைத்து, குறைத்துக் கூட்டி, பன்னிரண்டு மணிக்கு முட்டைகள் பழையபடி நிதானமாக விழத் தொடங்கின. மணிமாறன் லேப்டாப்பைக் கைக்குழந்தைபோல ஏந்திக்கொண்டு உள்ளே போனார். ரஞ்சிதாவின் பக்கத்தில் சித்ரா உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தாள். சென்டரில் ரஞ்சிதாவோடு படித்தவள். கால் முறிந்ததைக் கேள்விப்பட்டு ஆத்தூரிலிருந்து வந்திருந்தாள்.

"கண்ணத் தொறந்து பாரு ரஞ்சி, என்ன கொண்டாந்திருக்கேன்னு!"

ரஞ்சிதா திரையைப் பார்த்தாள். முதல் முட்டை விழுந்து உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது.

"ஏனுங்க, கூடைய நகர்த்தறதுக்கு எதுங்க அமுக்கோணும்?"

மணிமாறன் திகைத்தார். "ஒரு வருசம் தெனமும் ஆடுனியே!"

ரஞ்சிதா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். போர்வை குலுங்கியது.

"எங்கீங்ண்ணா ஆடுனா?" என்றாள் சித்ரா, சாத்துக்குடிக் கொட்டையைத் துப்பிக்கொண்டே. "அஞ்சு நிமிசத்துல நான் பொறத்தால போயி ஒயரப் புடுங்கோணும், நீங்க ரப்பரு போட்டுத் துடைச்சதும் திருப்பிச் சொருகோணும், அதுக்குத் தெனமும் எனக்கொரு பப்ஸுங்க!"