பர்ட்டனுக்கு வந்த மலைத் தண்ணீர்

ஒரு விடுகதை. நிறம் இல்லை, மணம் இல்லை. வீட்டுக் கொல்லையிலேயே கிடைக்கும். ஆனாலும் ஒருவர் அதைத் தேடி எண்பது மைல் போவார். அது என்ன?

தண்ணீர் என்றால் பாதிதான் சரி. மீதியை ஹெட்லியிடம் கேட்க வேண்டும்.

ஹெட்லியின் ஊர் இங்கிலாந்தில் உள்ள பர்ட்டன். பீருக்குப் பேர்போன ஊர். அங்கே நிலத்தடி நீரில் ஜிப்சம் என்ற கனிம உப்பு கரைந்திருக்கிறது. பீரின் கசப்பை எடுத்துக் கொடுப்பது அதுதான். ஹெட்லியும் வீட்டில் பீர் காய்ச்சுவார். ஆனால் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலக்கிறார்களே என்று தினமும் குழாயைப் பார்த்துத் திட்டுவார். ஒரு புத்தகத்தில் வழி கிடைத்தது: எந்த உப்பும் இல்லாத மென்மையான தண்ணீரில் ஜிப்சத்தை அளந்து போட வேண்டும். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வேல்ஸ் மலைக்குப் போய் இரண்டு கேன் ஊற்றுநீர் கொண்டுவந்தார்.

"ஜிப்சம் எதுக்கு?" என்று மனைவி எனிட் கேட்டாள்.

"பர்ட்டன் தண்ணி மாதிரி ஆகணும்ல."

"நாம இப்ப எந்த ஊர்ல இருக்கோம் ஹெட்லி? கொல்லையில அடிபம்பு இருக்கே."

"அது வெங்காயச் செடிக்கு ஊத்துற தண்ணி. இது கணக்குப் போட்டுச் செய்யுற தண்ணி."

கடைசியில் ஒரு பந்தயம் கட்டினார்கள். மே மாதம் ஊரில் நடக்கும் வீட்டு பீர் போட்டியில் அவருடைய தண்ணீர் ஜெயித்தால், ஞாயிற்றுக்கிழமை சமையலறை அவருக்கு. தோற்றால் வாளியும் அடுப்பும் கொட்டகைக்குப் போக வேண்டும்.

ஹெட்லியின் பீருக்கு முதல் பரிசு கிடைத்தது. நடுவராக வந்தவர் பீர் ஆலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். ஒரு வாய் குடித்துவிட்டு, இது அசல் பர்ட்டன் நிலத்துத் தண்ணீர் என்றார். ஹெட்லிக்குக் கோபம் பொங்கியது. கால் மணி நேரம் கிராம் கணக்குச் சொன்னார். லேசில் கரையாத ஜிப்சம், தன் கையால் போட்டால் மட்டும் உடனே கரைந்துவிடும் என்பதையும் சொன்னார்.

பரிசுக் கோப்பையோடு வீட்டுக்கு வந்தும் கோபம் தணியவில்லை. எனிட் தேநீர் கொடுத்தாள். அவர் குனிந்து பார்த்தார். பர்ட்டனின் உப்புத் தண்ணீரில் போட்ட தேநீரில் எப்போதும் ஆடைபோல ஒரு படலம் மிதக்கும். இதில் இல்லை.

"ஆடையைக் காணோமே?"

"மூணு மாசமாவே இல்ல. நீ இன்னைக்குத்தான் பாக்குற."

ஹெட்லி கேன்களைப் பார்த்தார். "மலைத் தண்ணி எங்க?"

"உன் கையில. டீயா இருக்கு."

"அப்ப நான் பீர் காய்ச்சினது?"

"அடிபம்புத் தண்ணி."

"நான் எடைபோட்ட ஜிப்சம்?"

"பொடிச்ச சர்க்கரை. அதான் அவ்ளோ நல்லாக் கரைஞ்சுது."

ஹெட்லி எழுந்து நின்று பேசினார். இந்த வீட்டில் ஒரு மனிதன் தன் தண்ணீரை நம்ப முடியவில்லை என்றார். அறிவியலுக்கே துரோகம் என்றார். ஆனாலும் ஜெயித்தது தன் பீர், ஆகவே சமையலறை தனக்கே என்றார். பந்தயம் பீருக்கு இல்லை, தண்ணீருக்கு என்றாள் எனிட். சமையலறை யாருக்கு என்று ஒன்பது வயது மகள் மார்னியே முடிவு சொல்லட்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

மார்னி தன் தேநீரைக் குடித்து முடித்தாள். சமையலறை அம்மாவுக்கு என்றாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்வரட்டும், இனி மூன்று கேன் என்றாள்.