குந்தாமல் ஏறும் சபதம்

கலசப்பாக்கத்துப் புளி வியாபாரி கண்ணாயிரம் அறுபத்தெட்டு வயதில் ஒரு சபதம் செய்தார். செய்திருக்க வேண்டாம். வாய் சும்மா இருந்தால்தானே?

விஷயம் இதுதான். மகன் ரஞ்சித்குமார் அப்பா அம்மாவை ஹம்பிக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருந்தான். அங்கே பார்க்கிற இடமெல்லாம் படி, பாறை. மனைவி கன்னியம்மாள் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள்: முதலில் முட்டி டாக்டர், அப்புறம்தான் ஹம்பி. கண்ணாயிரத்துக்கு டாக்டரிடம் பயமில்லை. டாக்டர் கையில் இருக்கும் ஊசியிடம்தான் பயம்.

"என் முட்டிக்கு இன்னா கேடு? ஜவ்வாது மலையில குள்ளர் வூடு கீதே, அதுக்கு ஏறிக் காட்றேன், பாக்கறியா?"

"எங்கியும் குந்தாமலா?"

"குந்தாமத்தான்!"

"குந்துனா?"

"மறுநாளே டாக்டர்கிட்ட வர்றேன். குந்தலைன்னா, இந்த வூட்ல டாக்டர்ங்கற பேச்சையே எடுக்கக் கூடாது."

"செரிங்க."

கன்னியம்மாள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னால் உஷாராக வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாளே இருவரும் ஜவ்வாது மலைக்குக் கிளம்பினார்கள். குள்ளர் வீடு இருக்கும் குன்றின் அடியில் சாந்தம்மாள் வீடு. வருஷா வருஷம் அவர்கள் மரத்துப் புளிதான் கண்ணாயிரத்தின் மண்டிக்கு வரும். காப்பி குடித்ததும் அவர் தன் திட்டத்தை எடுத்து விட்டார். சாட்சி இல்லாத இடத்தில் யார் குந்தினால் என்ன, யார் படுத்தால் என்ன?

"உன் காலு தாங்காதும்மே. நீ இங்கியே சாமை வாங்கிகினு இரு. நான் போய்ட்டு வந்துர்றேன்."

"ஆமாங்க, என்னால ஆவாது" என்றாள் கன்னியம்மாள், பசு மாதிரி.

சாந்தம்மாள் மட்டும் குறுக்கே வந்தாள். "அண்ணா, நேரா ஏறாதீங்க. மாட்டுத் தடத்துல சுத்திப் போங்க. மூச்சு வாங்காது."

"நான் இன்னா மாடாம்மா?"

"செரி. அங்க பெரிய கல்லு வூட்ல ஒரு ஓட்டை இருக்கும். அதும் முன்னால நின்னு, ஏறி வந்த கதைய ஒளிக்காம வாய்விட்டுச் சொல்லணும். பொய் சொல்லிட்டு எறங்குனவனுக்கு அப்புறம் முட்டியே மடங்காதாம்."

சொல்லும்போது அவள் தரையைப் பார்த்தாள். கன்னியம்மாள் முறத்தைப் பார்த்தாள். கண்ணாயிரம் நேர்வழியைப் பிடித்தார்.

முதல் பாறையில் குந்தவில்லை, சும்மா சாய்ந்தார். இரண்டாவதில் சாயவில்லை, குந்தினார். கீழேயிருந்து மனைவி பார்த்துவிடக் கூடாதென்று பாறைக்குப் பின்னால் ஒளிந்து குந்தியதில், எழுந்திருக்கவும் நேரமானது. கடைசி ஏற்றம் செங்குத்து. நான் என்ன மாடா என்று கேட்ட மனுஷன் அதை நாலு காலில்தான் ஏறினார்.

மேலே வந்து நிமிர்ந்தவருக்கு மூச்சு திரும்ப வந்தது. பேச்சு போய்விட்டது.

பாறைப் பரப்பு முழுக்கக் கல் வீடுகள். சுற்றிலும் நிறுத்தி வைத்த பலகைக் கற்கள், மேலே ஒரே கல்லாய்க் கூரை. சுண்ணாம்பு இல்லை, ஆணி இல்லை. ஒரு லாரியில் புளி மூட்டை ஏற்ற ஆட்கள் முக்குவதை வாழ்நாளெல்லாம் பார்த்தவர் அவர். இந்தக் கல்லை எத்தனை பேர் முக்கி ஏற்றினார்களோ, எதைக் கொண்டு ஏற்றினார்களோ! அவர்களுக்கும் முட்டி வலித்திருக்கும்தானே? எத்தனை தலைமுறை மழை, எத்தனை இடி, அசையாமல் நிற்கிறது. செத்தவர்களுக்காகக் கட்டியது என்பார்கள் படித்தவர்கள். குள்ளர்கள் குடியிருந்தது என்பார்கள் மலைக்காரர்கள். எதுவானால் என்ன, கண்ணாயிரத்தின் கைகள் தாமாகவே குவிந்தன. கல்லுக்குள் காற்று புகுந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது. தூரத்தில் மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை. இதைப் பார்க்காமலே செத்திருப்பேனே என்று நினைத்தார். கண் கலங்கிவிட்டது. அவளைக் கீழே விட்டுவிட்டு வந்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

இந்த இடத்தில் நின்று பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பெரிய கல் வீட்டின் ஓட்டைக்கு முன்னால் போய் நின்றார்.

"சாமி, நான் குந்திட்டேன். பாறைக்குப் பின்னால குந்துனேன். நெல்லி மரத்தடியில குந்துனேன். ஒரு எடத்துல படுத்துக்கூடத் தொலைச்சேன். ஊசிக்குப் பயந்துதான் அவள கீழயே வுட்டுட்டு வந்தேன். தப்பு சாமி, இத அவளும் பாத்திருக்கணும். ஆனா அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ஓட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"படுத்தது எந்த எடத்துலங்க?"

கண்ணாயிரம் துள்ளிய துள்ளலை டாக்டர் பார்த்திருந்தால் முட்டிக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருப்பார். கல் வீட்டுக்குப் பின்பக்க நிழலிலிருந்து கன்னியம்மாள் எழுந்து வந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"இன்னாங்க இது, மனுசங்க கட்டுனதா?"

"அதாம்மே எனக்கும் புரியல."

இருவரும் அந்தக் கூரைக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம்தான் அவருக்குப் புத்தி திரும்பியது.

"அப்ப அந்த ஓட்டை, பொய் சொன்னா முட்டி மடங்காதுன்னது?"

"நேத்து போன்ல சாந்தம்மாவுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். நாளைக்கு டாக்டரு. பத்து மணிக்கு வரச் சொல்லிகிறாரு."

கண்ணாயிரத்துக்கு ஒன்றே ஒன்றுதான் தாங்கவில்லை.

"அது போவட்டும். இம்மாம் பெரிய மலைய நீ எப்பிடிம்மே குந்தாம ஏறி வந்தே?"

"மாட்டுத் தடத்துல, வலிச்ச எடத்துலல்லாம் குந்திக் குந்தித்தாங்க வந்தேன். சபதம் போட்டது நீங்கதானே?"