உடையப்பன் மச்சான் காய்ச்சிய எண்ணெயும் என் தலையும்

புஜைரா
19.5.2006, வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் உடையப்பன் அவர்களுக்கு, மைத்துனன் ராக்கப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் உடம்பும் சுகம். தலையைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அங்கே நீங்களும், அக்கா நாகஜோதியும், பிள்ளைகளும், சினையாக இருந்த கருத்த மாடும் சுகமாக இருக்க அழகர் துணை. மாடு கன்று போட்டதா என்று போன கடிதத்திலேயே கேட்டேன். பதில் எழுத உங்களுக்கு நேரமில்லை. ஆனால் என்னை ஜெயிலுக்கு அனுப்ப மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

ஆவணியில் லீவில் வந்ததும் கனகாவைப் பெண் பார்க்கப் போகிறோம், அவர்கள் கையில் இருக்கிற போட்டோவில் உனக்கு முடி நிறைய இருக்கிறது என்று போனில் பயமுறுத்தியது நீங்கள்தான். முடி போனது என் குற்றமா மச்சான்? எண்ணெய் டேங்கைச் சுத்திச் சாரம் கட்டுற வேலை, மேலே வெயிலு, அதுக்குக் கீழே ஹெல்மெட்டு, அதுக்குள்ளே வேர்வை. கேம்ப் தண்ணியில சோப்பு நுரைக்கவே நுரைக்காது. நம்ம கண்மாயில எருமை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் குளிச்சோம், ரெண்டு பேருக்கும் முடி கொட்டலை. சரி, அது கிடக்கட்டும். "கவலய விடு மாப்ள, நான் ஒரு எண்ணெய் காய்ச்சிக் குடுத்துவிடுறேன்"னு சொன்னீங்க. குடுத்தும் விட்டீங்க. லீவு முடிஞ்சு வந்த பக்கத்து ஊர் செய்கு முகம்மது அண்ணன் பாட்டிலை நீட்டிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காம நடந்துட்டாரு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

இருபத்திரண்டு நாள் தேய்ச்சேன் மச்சான். நெத்திக்கு மேல பூனை மயிர் மாதிரி முளைச்சுது. ரூமில எல்லாரையும் கூப்பிட்டுத் தடவிப் பாக்கச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்துல போன வெள்ளிக்கிழமை போன் போட்டு, "அப்படி என்னதான் போட்டீங்க மச்சான்?"னு கேட்டேன். நீங்க சிரிச்சுக்கிட்டே, "வேறென்ன மாப்ள, கஞ்சா எலதான். நல்லெண்ணெயில கொதிக்க விட்டேன்"னீங்க.

கறிக்குழம்புக்குக் கசகசா கொண்டாந்தவனையே பிடிச்சு உள்ளே வைக்கிற அரபு நாடு இது! கொண்டாந்த மனுசனுக்கு மூணு பொம்பளப் பிள்ளைங்க. ஏர்போர்ட்டுல பையைத் தொறந்திருந்தா, அவரு வருசக்கணக்கா உள்ளே, நான் அவருக்குப் பக்கத்துல. கனகா வீட்டுக்குப் போலீஸ் பிடிச்ச போட்டோதான் போயிருக்கும்.

இதைச் சொன்னா, "நம்ம கோயில் சாமியாரு சடையப் பாத்தேல்ல? எல்லாம் அந்தப் பொகையோட மகிம!"ங்கிறீங்க. மச்சான், அந்தச் சாமியாரு பதினோரு வருசமாச் சீப்பு தொடலை. விழுந்த முடி, விழாத முடி எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கிட்டுத் தொங்குது. அவரு கஞ்சாச் சிலும்பியையே வாங்கி இழுக்கிற காளவாசல் மேஸ்திரி தலையை ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க? புளி போட்டு விளக்கின சொம்பு! அவ்வளவு நல்ல எண்ணெயா இருந்தா உங்க தலைக்கு ஏன் தடவலை? உங்க தலையைப் பாத்திருந்தும் நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

ஓடிப்போய் கம்பெனி கிளினிக்குல கட்டுப் போடுற சேதுமாதவனைக் கேட்டேன். மலையாளத்தான், விவரமானவன். "புகைச்சா கொட்டும்னு கொறச்சு பேரு சொல்லும், தேச்சா வளரும்னு கொறச்சு பேரு சொல்லும். ரெண்டுக்கும் டாக்டர்மாரு கேரண்டி தரலை. ஆனா சேட்டா, முடியில டெஸ்ட் பண்ணா மூணு மாசம் கழிஞ்சும் காட்டும்"னான். அதுக்கு அடுத்து வந்த திங்கக்கிழமை எங்களுக்கு மெடிக்கல் செக்கப் இருந்துச்சு.

மிச்ச எண்ணெயைக் கக்கூஸில கொட்டிட்டு சலூன்ல போய் உக்காந்தேன். "பாய், கலாஸ், மொத்தமா எடு"ன்னேன். "உம்ராவா பாய்?"னு, மெக்கா போனவங்க போடுற மொட்டைன்னு நினைச்சுக் கேட்டான் சலூன்காரப் பட்டாணி. எண்ணெய் வழிஞ்சிருக்குமேன்னு புருவத்தையும் எடுக்கச் சொன்னேன். மீசைக்குக் கத்தி வந்தப்ப மட்டும், ஜெயிலே பரவாயில்லைன்னு எந்திரிச்சுட்டேன். திங்கக்கிழமை டாக்டர் கண்ணைப் பாத்தாரு, நெஞ்சைப் படம் பிடிச்சாரு, அனுப்பிட்டாரு. முடியைப் பத்திப் பேச்சே இல்லை.

மொட்டை போட்டதைப் போன்ல சொன்னா, அதுக்கும் நீங்க, "பழனிக்கு நேந்துக்கிட்டான்னு கனகா வீட்டுல சொல்லிக்கிறேன் மாப்ள"ங்கிறீங்க. முருகன் பேரால பொய் சொல்லி எனக்குக் கல்யாணம் வேண்டாம். இனி நீங்கள் எனக்கு மருந்தும் அனுப்ப வேண்டாம், பெண்ணும் பார்க்க வேண்டாம். அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் முத்தம். கருத்த மாட்டைக் கேட்டதாகச் சொல்லவும். உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
புருவமும் இல்லாத
ராக்கப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது செய்கு முகம்மது அண்ணன் என் தலையைப் பார்த்துவிட்டு, பொறுக்க முடியாமல் வந்து உட்கார்ந்தார். "தம்பி, கோவிச்சுக்காதிய. பதினெட்டு வருசமா யார் பார்சலா இருந்தாலும் வீட்டுலயே பிரிச்சு மோந்து பாத்துட்டுத்தான் எடுத்து வைப்பேன். ஒங்க மச்சான் எண்ணெய சாக்கடையில ஊத்திட்டேன். வெறுங்கையோட வந்து நின்னா நல்லாருக்காதுன்னு, வீட்டுல தோசைக்கு ஊத்துற எண்ணெயப் பாட்டில்ல ரொப்பிக் கொண்டாந்தேன்" என்றார். ஆக, முளைத்தது தோசை எண்ணெயில். மழித்தது உங்கள் வாயால். ஆவணிக்குள் தலை நிரம்பாது. கனகா வீட்டில் பழனி என்றே சொல்லிவிடுங்கள். புருவத்தையும் சேர்த்து நேர்ந்துகொண்டதாகச் சொல்லவும்.